வறண்ட மண்ணில் காத்திருந்த முட்டைகள்: கரிஸ்ஸா, 2006–07

2006 டிசம்பர் நடுவில் கென்யாவின் வடகிழக்கு மாகாணத்திலுள்ள கரிஸ்ஸா மாவட்டத்திலிருந்து அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்துக்குச் செய்தி போனது. காய்ச்சல் வருகிறது, உடம்பில் பல இடங்களிலிருந்து ரத்தம் கசிகிறது, ஆள் இறந்துபோகிறார், காரணம் தெரியவில்லை. டிசம்பர் 20-க்குள் 11 பேர் இறந்திருந்தார்கள். முதல் 19 நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மஞ்சள் காய்ச்சல் இல்லை, எபோலா இல்லை, டெங்கு இல்லை, கிரிமியன்-காங்கோ காய்ச்சலும் இல்லை. 10 பேரிடம் ரிஃப்ட் வேலி காய்ச்சலின் தடயம் கிடைத்தது.

அடுத்த சில மாதங்களில் கென்யாவில் 684 பேருக்கு நோய் பதிவானது, 155 பேர் இறந்தார்கள். எல்லை தாண்டி சோமாலியாவில் 51 பேர், தான்சானியாவில் 109 பேர் என்று இறப்புகள் தொடர்ந்தன.

இந்த நிகழ்வில் என்னை இன்றுவரை விடாமல் உறுத்துவது ஒன்று உண்டு. இந்த நோய் சொல்லிவிட்டு வந்தது. செப்டம்பரிலிருந்தே செயற்கைக்கோள் படங்களையும் கடல் வெப்பநிலையையும் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் 'ஆப்பிரிக்காவின் கொம்பு' எனப்படும் அக்கண்டத்தின் கிழக்கு முனை நாடுகளில் ஆபத்து கூடுகிறது என்று எச்சரித்தார்கள். நவம்பரில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் எச்சரிக்கை வெளியிட்டது. அப்படியிருந்தும் நோய் வந்துவிட்டதென்று உறுதியானது எங்கே? ஆட்டுக் கிடையில் இல்லை, மருத்துவமனைக் கட்டிலில். ஏன் அப்படி ஆனது என்று பார்ப்பதற்கு முன், இந்த வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆட்டின் நோய்

ரிஃப்ட் வேலி காய்ச்சல் அடிப்படையில் கால்நடை நோய். கென்யாவின் நைவாஷா ஏரிக்கு அருகே ஒரு பண்ணையில் செம்மறிக் குட்டிகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது கவனத்துக்கு வந்தது; 1931-ல் அதன் வைரஸ் அடையாளம் காணப்பட்டது. பிறந்து சில நாளேயான குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்காது. சினை ஆடுகள் மந்தை மந்தையாகக் குட்டி வீசும். நம் ஊரில் ஆடு வளர்ப்பவருக்கு இரண்டு ஆடு குட்டி வீசினாலே அந்த வருடக் கணக்கு இடிக்கும். இங்கே ஒரு கிடையில் இருக்கும் சினை ஆடுகள் ஏறக்குறைய எல்லாமே வீசிவிடுகின்றன. கால்நடை மருத்துவர்கள் இதைக் கருச்சிதைவுப் புயல் என்றே குறிப்பிடுகிறார்கள்.

மனிதர்களுக்குக் கொசுக்கடி வழியாகவும் வரும். ஆனால் பெரும்பாலும் நோயுற்ற விலங்கின் ரத்தத்தைத் தொட்டவர்களுக்குத்தான் வருகிறது: அறுப்பவர், தோலுரிப்பவர், ஈனும் ஆட்டுக்குக் கைகொடுப்பவர், செத்துப் பிறந்த குட்டியை எடுத்துப் போடுபவர். காய்ச்சாத பாலும் ஒரு வழி. பலருக்குச் சாதாரணக் காய்ச்சலும் உடல்வலியுமாக வந்து சில நாளில் போய்விடும். ஒரு சிறு பங்கினருக்கு ஈரல் கெட்டு ரத்தக்கசிவு தொடங்கும். சிலருக்கு மூளை வீங்கும். சிலருக்கு விழித்திரை பாதித்துப் பார்வையே போகும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதாகப் பதிவு இல்லை. ஆக, மந்தையில் நிறுத்திவிட்டால் மனிதரிடமும் பெரும்பாலும் நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள், கரிஸ்ஸாவில் நடந்த தவறு முழுவதும் இதைச் சுற்றித்தான்.

டாம்போ

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் டாம்போ என்று ஒரு நிலவகை உண்டு. ஆழமில்லாத, அகன்ற பள்ளம். ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. வருடத்தின் பெரும்பகுதி வெறும் புல்தரைதான். அதில் ஈரநிலம் இருப்பதாகவே வெளியாள் ஒருவர் நம்பமாட்டார். அடியில் களிமண் இருப்பதால் மழை விடாமல் பெய்தால் நீர் உள்ளே இறங்காது, வாரக்கணக்கில் நிற்கும். கரிஸ்ஸா தானா ஆற்றங்கரையில் இருக்கும் வறண்ட நாடு. தட்டையான நிலம், களிமண், முள்புதர். டாம்போ போலவே மழையில் நிறையும் பள்ளங்கள் அங்கே ஏராளம். மேய்ச்சல்காரர்களுக்கு அவை உயிர். கோடையில் கடைசிவரை பச்சை நிற்பது அங்கேதான்.

அந்தப் பள்ளங்களின் ஓரத்து ஈரமண்ணில் ஏடிஸ் மெகின்டோஷி என்ற கொசு முட்டையிடுகிறது. நம் வீட்டுத் தொட்டியில் டெங்கு பரப்பும் கொசுவுக்கு ஒன்றுவிட்ட உறவு. தண்ணீர் வற்றிய பிறகும் முட்டை சாவதில்லை. மண்ணோடு மண்ணாகக் காய்ந்து வருடக்கணக்கில் கிடக்கும். அடுத்த வெள்ளம் வந்து மூழ்கடித்ததும் பொரியும்.

சரி, ஒரு கொள்ளைநோய்க்கும் அடுத்ததற்கும் இடையே 7, 10 வருடங்கள் ஓடுகின்றன. அதுவரை வைரஸ் எங்கே போகிறது? இதற்கு விடை நைரோபிக்கு அருகே ருயிரு பகுதியில் 1980-களில் கிடைத்தது. கொசு ஆய்வாளர் கென்னத் லின்திகமும் அவரது குழுவினரும் நீர் நிறைந்த டாம்போவிலிருந்து கொசுப் புழுக்களை எடுத்து வந்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். வளர்ந்து வந்த கொசுக்களில் வைரஸ் இருந்தது. ஆண் கொசுக்களிலும் இருந்தது. ஆண் கொசு ரத்தமே குடிக்காது. இந்தக் கொசுக்களோ பெண்ணானாலும் எதையும் கடிக்க வாய்ப்பே கிடைக்காதவை. அப்படியானால் வைரஸ் தாயிடமிருந்து முட்டை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். 1985-ல் வெளியான இந்த முடிவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. வைரஸை வெளியிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. அது வறண்ட மண்ணுக்குள்ளேயே மழைக்காகக் காத்துக் கிடக்கிறது.

ஒரே ஒரு பெருமழை மட்டும் போதாது. ஏடிஸ் பொரித்துப் பறந்து பக்கத்து ஆடுமாடுகளைக் கடிக்கும், சில விலங்குகளுக்கு நோய் வரும், பள்ளம் வற்றினால் அதோடு அடங்கிவிடும். மழை விட்டுவிட்டுத் தொடர்ந்து நீர் வாரக்கணக்கில் நின்றால் கதை வேறு. நீரின் மேலேயே முட்டையிடும் கியூலெக்ஸ் கொசுக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். ஏடிஸ் தொடங்கி வைத்ததை அவை ஊர் ஊராகக் கொண்டுபோகும். 2007 தொடக்கத்தில் நோய் பரிங்கோ ஏரிப் பக்கம் போனபோது அங்கே பிடித்த கொசுக்களில் மான்சோனியா இனங்களிலும் வைரஸ் கிடைத்தது. மான்சோனியாவின் புழு நீர்த்தாவரங்களின் வேரைத் துளைத்து மூச்சுவிடுவது. டாம்போவில் அல்ல, செடி மண்டிய நிலையான நீரில் வாழ்வது. ஈரநிலம் மாறினால் கொசுவும் மாறுகிறது, வைரஸுக்கு இரண்டும் ஒத்துப்போகின்றன.

கடலில் தெரிந்த அறிகுறி

1997 கடைசியில் இதே கரிஸ்ஸா வெள்ளத்தில் மூழ்கியது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிலைக்கு எல் நினோ என்று பெயர்; அந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று அப்போது இருந்தது; மேற்கு இந்தியப் பெருங்கடலும் வழக்கத்தைவிடச் சூடேறியிருந்தது. சாலைகள் அறுந்துபோனதால் நோய் பற்றிய செய்தியே தாமதமாகத்தான் வெளியே வந்தது. வடகிழக்குக் கென்யாவிலும் தெற்கு சோமாலியாவிலும் காரணம் தெரியாத 478 இறப்புகள் பதிவாயின. அவற்றில் ஒரு பகுதிக்காவது இந்த வைரஸ்தான் காரணம். ஏறக்குறைய 89,000 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள்.

அதற்குப் பிறகு லின்திகம், அஸ்ஸாஃப் அன்யம்பா உள்ளிட்ட ஆய்வாளர்கள் பழைய பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1950 முதல் 1998 வரை கென்யாவில் வந்த இந்தக் கொள்ளைநோய்கள் மிகையான மழைக்காலங்களை ஒட்டியே வந்திருந்தன. பசிபிக்கின் வெப்பம், இந்தியப் பெருங்கடலின் வெப்பம், செயற்கைக்கோளில் தெரியும் நிலத்தின் பசுமை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 5 மாதங்கள் வரை முன்கூட்டியே சொல்லலாம் என்று 1999-ல் எழுதினார்கள். வறண்ட நாட்டில் பசுமை மாதக்கணக்கில் நின்றால் பள்ளங்களில் நீர் நிற்கிறது என்று பொருள். யோசித்துப் பார்த்தால் எளிமையான தர்க்கம்தான்.

வடகிழக்குப் பருவமழையை ஒவ்வொரு அக்டோபரிலும் கவனிப்பவர்களுக்கு இந்தியப் பெருங்கடல் இருமுனை என்ற சொல் புதிதல்ல. மேற்குப் பக்கம் சூடேறி கிழக்குப் பக்கம் குளிர்ந்தால் அது நேர்மறை இருமுனை. நமக்குப் பெரும்பாலும் நல்ல மழை. அதே கடலின் எதிர்க்கரையில், அதே மாதங்களில், கென்யாவின் 'குறுமழைக் காலம்' பேய்மழையாக மாறுகிறது. 2006-ல் எல் நினோவும் நேர்மறை இருமுனையும் சேர்ந்தே வந்தன. ஆய்வாளர்களின் ஆபத்து வரைபடத்தில் கரிஸ்ஸா சிவப்பானது. எச்சரிக்கை போனது. முதல் மனித நோயாளிக்குக் காய்ச்சல் தொடங்கியது நவம்பர் 30 வாக்கில்.

மூக்கில் ரத்தம்

இப்போது கிடைப் பக்கம் வருவோம். வடகிழக்குக் கென்யாவின் மேய்ச்சல்காரர்கள் பெரும்பாலும் சோமாலிகள். இந்த நோய்க்கு அவர்கள் மொழியில் ஒரு பெயரே உண்டு: சன்தீக். சன் என்றால் மூக்கு, தீக் என்றால் ரத்தம். ஆட்டின் மூக்கில் ரத்தம் வடிவதை வைத்து வைத்த பெயர். கொள்ளைநோய் அடங்கிய பிறகு கால்நடை நோயியல் ஆய்வாளர்கள் அவர்களோடு உட்கார்ந்து நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். கிடைத்த விவரம் அசர வைக்கிறது. பெருமழை தொடங்கியதிலிருந்து கொசுக்கூட்டம் எழுந்ததுவரை சராசரியாக மூன்றரை வாரம். கொசுவிலிருந்து முதல் ஆடு நோயில் விழுந்ததுவரை இரண்டரை வாரத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் ஆட்டிலிருந்து முதல் மனிதர்வரை இன்னொரு இரண்டரை வாரம். மொத்தம் எட்டு வாரத்துக்கு மேல்.

மழை, கொசு, குட்டி வீச்சு, மூக்கில் ரத்தம் என்று ஒவ்வொரு படியையும் அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருந்தது, கீழே மேய்ப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். இருவருக்கும் நடுவே இருந்த அலுவலகங்களில்தான் அந்த எட்டு வாரம் கரைந்துபோனது என்பது என் முடிவு. கால்நடைத் துறையின் நடவடிக்கை களத்துக்கு வந்தபோது முதல் ஆடு விழுந்து வாரங்கள் பல ஓடியிருந்தன. மனித மருத்துவக் குழுக்கள் வந்த பிறகே அவர்கள் வந்தார்கள்.

இதை வெறும் சோம்பல் என்று முடித்துவிடவும் முடியாது. தடுப்பூசி விஷயத்தைப் பாருங்கள். கால்நடைகளுக்குப் பல்லாண்டுகளாக இருந்த வீரியம் குறைத்த உயிர்த் தடுப்பூசி நன்றாக வேலை செய்யும், ஆனால் சினை ஆடுகளைக் குட்டி வீச வைக்கக்கூடும். நோய் தொடங்கிய பிறகு போட்டால் இன்னொரு சிக்கல்: ஒரே ஊசியைப் பல ஆடுகளுக்குக் குத்தும்போது நோயுற்ற ஆட்டின் வைரஸ் அடுத்த ஆட்டுக்குப் போகும். அதனால் மழைக்கு முன் போட வேண்டும். ஆனால் 9 வருடம் நோயே வராத இடத்தில், வறட்சியில் தீவனத்துக்கே வழியில்லாத நேரத்தில், வரலாமென்ற ஒரு நோய்க்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? மருந்தையும் அத்தனை காலம் கையிருப்பில் வைத்திருக்க முடியாது. எச்சரிக்கை வந்த பிறகு தயாரிக்கச் சொன்னால், வண்டி போய்ச் சேருவதற்குள் சாலை வெள்ளத்தில் போயிருக்கும். கென்யாவில் தடுப்பூசிப் பணி வேகம் பிடித்தது 2007 ஜனவரியில்தான்.

அடுத்தது தடை. கால்நடை நடமாட்டத்தையும் அறுப்பையும் நிறுத்தினார்கள், சந்தைகளை மூடினார்கள். கரிஸ்ஸா சந்தை கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய கால்நடைச் சந்தைகளில் ஒன்று. தடை தேவைதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தியாகத் திருநாள் டிசம்பர் கடைசியில் வந்த வருடம் அது, அறுப்பு உச்சத்தில் இருக்கும் நாட்கள். ஆனால் ஆட்டைத் தவிர வேறு பணமே இல்லாத குடும்பத்துக்குச் சந்தை மூடல் என்பது வங்கி, மளிகைக்கடை, சம்பளம் எல்லாம் ஒரே நாளில் மூடுவது. கென்யப் பொருளாதாரத்துக்கு இந்தக் கொள்ளைநோயால் ஏறக்குறைய 3.2 கோடி டாலர் இழப்பு என்று மதிப்பிட்டார்கள். செத்த ஆட்டுக்கு இழப்பீடு இல்லாமல், சொன்னால் சந்தை மூடும் என்ற நிலையை வைத்துக்கொண்டு, மேய்ப்பர் தாமாக வந்து நோயைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி

2006-ன் மழையைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் நேராக எழுத நான் தயாராக இல்லை. எல் நினோவும் இருமுனையும் மனிதர் புகைவிடத் தொடங்குவதற்கு முன்பும் இருந்தவை; 1961-லும் நேர்மறை இருமுனை வந்தது, கிழக்கு ஆப்பிரிக்கா மூழ்கியது. மாறிக்கொண்டிருப்பது அவை வரும் தாளம். உமிழ்வு இப்படியே போனால், தீவிர நேர்மறை இருமுனை 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஏறக்குறைய 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று இந்த நூற்றாண்டில் நெருங்கும் என 2014-ல் வெளியான காலநிலை மாதிரி ஆய்வு ஒன்று கணித்தது. 2019-ல் மிக வலுவான ஒன்று வந்து கிழக்கு ஆப்பிரிக்காவை வெள்ளக்காடாக்கியது. அப்புறம் 2020 கடைசியிலிருந்து தொடர்ந்து 5 மழைக்காலங்கள் பொய்த்தன. அந்த வறட்சிக்கான வாய்ப்பைப் புவி வெப்பமாதல் ஏறக்குறைய 100 மடங்கு கூட்டியது என்று, தீவிர வானிலையில் காலநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் குழு கணக்கிட்டது. 2023 கடைசியில் மறுபடி வெள்ளம். அந்த மழையின் கடுமையைப் புவி வெப்பமாதல் இரண்டு மடங்குவரை கூட்டியிருக்கலாம் என்று அதே குழு சொன்னது.

வெள்ளம் மட்டுமே ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்கத்தான் வறட்சியின் பங்கு புரிந்தது. ஒருமுறை நோய் வந்து பிழைத்த ஆட்டுக்கு ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தி இருக்கும். வறட்சி அந்தப் பழைய ஆடுகளைக் கொன்றுவிடுகிறது. மழை திரும்பியதும் மேய்ப்பர் புதிதாக மந்தை சேர்க்கிறார். எல்லாம் இளசு, ஒன்றுக்கும் எதிர்ப்புச் சக்தி கிடையாது. அதே மழையில் பள்ளத்து முட்டைகள் பொரிகின்றன. சூடு கூடக்கூடக் கொசுவின் உடம்புக்குள் வைரஸ் வேகமாகப் பெருகி, கொசு சீக்கிரமே பரப்பத் தயாராகிவிடுகிறது. நீண்ட வறட்சி, அதன் மேல் பெருவெள்ளம் என்ற வரிசையைவிட இந்த வைரஸுக்கு வசதியான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

ஈரநிலங்களை வடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பள்ளங்கள் போனால் கோடையில் மேய்ச்சலே இல்லை. நோயிலிருந்து காப்பாற்றிப் பசியில் விடுவதாகிவிடும். அதோடு, மனிதர் உருவாக்கும் நீர்நிலையிலும் இந்த வைரஸ் வளரும். செனகல் ஆற்றில் டியாமா அணை எழுந்த கொஞ்ச காலத்திலேயே, 1987-ல், மவுரித்தானியாவின் ரோஸ்ஸோவில் 200-க்கும் மேற்பட்டோர் இந்த நோயில் இறந்தார்கள்.

2007-க்குப் பிறகு பன்னாட்டுக் கால்நடை ஆய்வு நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கென்யக் கால்நடை மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு முடிவெடுக்கும் வழிகாட்டியைத் தயாரித்தன. மழை முன்னறிவிப்பு வந்தால் என்ன செய்வது, மழை பெய்தால் என்ன, கொசு எழுந்தால் என்ன, குட்டி வீசத் தொடங்கினால் என்ன என்று படிப்படியாக. ஆய்வகம் உறுதி செய்யும்வரை காத்திராமல், ஒவ்வொரு அறிகுறிக்கும் அதற்குரிய வேலையை அப்போதே தொடங்கு என்பதுதான் அதன் சாரம். மேய்ப்பர்கள் சொன்ன அந்த வரிசை ஒருவழியாக அரசாங்கத் தாளில் ஏறியது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2018-ல் அதற்குச் சோதனை வந்தது. எல் நினோ இல்லை. அது அக்டோபர் மழைக்காலமும் அல்ல. மார்ச் முதல் மே வரையான நீண்ட மழைக்காலம் கென்யாவில் பதிவான மிக ஈரமான பருவங்களில் ஒன்றாக மாறியது. கடலைப் பார்த்துச் சொல்லும் பழைய கணக்கு எதிர்பார்க்கும் மாதமே அல்ல அது. கரிஸ்ஸாவுக்கு வடக்கே, வஜீரில், ஆடுகளும் ஒட்டகங்களும் கரு வீசிக்கொண்டிருந்தன, செத்துக்கொண்டிருந்தன. நோயுற்ற விலங்கின் இறைச்சியைச் சாப்பிட்ட ஒருவர் ஜூன் தொடக்கத்தில் மருத்துவமனையில் சேர்ந்து இறந்தார். நைரோபி ஆய்வகம் ரிஃப்ட் வேலி காய்ச்சல் என்று உறுதி செய்தது, இந்த முறையும் மனித ரத்தத்தில்.